எதை எடுக்கிறோம், எதைத் திருப்பித் தருகிறோம்: கன்சைன்மென்ட் துணிக்கடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்சைன்மென்ட் முறையில் பழைய உடைகளை விற்கும் கடையில், வரும் துணிகளைப் பார்த்துப் பொறுக்கும் மேசை என்னுடையது. எதிரே நிற்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து நான் ஒதுக்கும்போது கொண்டுவந்தவரின் முகம் வாடுவதைத் தினமும் பார்க்கிறேன். பின்னால் வரிசை நிற்கும் நேரத்தில் காரணத்தை முழுதாகச் சொல்ல முடிவதில்லை. சொல்ல நினைத்தவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

கன்சைன்மென்ட் கடைக்கும் மற்ற பழைய துணிக்கடைகளுக்கும் என்ன வித்தியாசம்?

நன்கொடையாக வந்ததை விற்கும் கடைகள் உண்டு. உங்களிடம் அங்கேயே பணம் கொடுத்து வாங்கி, பிறகு தங்கள் பொருளாக விற்கும் கடைகளும் உண்டு. கன்சைன்மென்ட் கடையில் துணியை ஒப்படைக்கிறீர்கள். விற்கும் நாள்வரை அது உங்களுடையதே. விற்றபின் கிடைத்த தொகையை ஒப்பந்தப்படி பிரித்துக்கொள்கிறோம். சரிபாதி என்பது பரவலான ஏற்பாடு. 40 சதவீதமும் 60 சதவீதமுமாகப் பிரிப்பவர்களும் உண்டு. விலை உயர்ந்த கைப்பை போன்றவற்றில் உடையவருக்குப் பங்கு கூடுதலாகக் கிடைக்கும்.

நீங்கள் முதல் போடவில்லை. பிறகு கொண்டுவருவதையெல்லாம் தொங்கவிட்டால் என்ன நஷ்டம்?

துணிக்கு முதல் போடவில்லை என்பது உண்மைதான். ஆனால் இடத்துக்கு வாடகை கொடுக்கிறோம். ஒரு கம்பியில் தொங்கும் உடைகளுக்கு நடுவே கை நுழைய இடைவெளி வேண்டும். நெருக்கித் திணித்தால் வருபவர் இரண்டு சட்டையைத் தள்ளிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். நல்ல உடையும் அந்த நெரிசலில் கண்ணில் படாமல் போகும். உழைப்பும் இருக்கிறது. ஒவ்வொரு துணியையும் பரிசோதித்து, நீராவி காட்டி, அளந்து, விலைச்சீட்டு கட்டி, உங்கள் பெயரில் கணக்கில் ஏற்ற வேண்டும். விற்காத சட்டைக்கும் இதே வேலைதான்.

ஆகவே ஒவ்வொரு துணியையும் கையில் எடுக்கும்போது எனக்குள் ஒரே கேள்விதான் ஓடும்: முதல் மாதத்துக்குள் இதை விரும்பி எடுத்துப்போக ஒருவர் வருவாரா? எங்கள் கடைக்கு வழக்கமாக வருபவர்களில் அவர் யார் என்று மனத்தில் முகம் தெரிந்தால் எடுத்துக்கொள்வேன். தெரியாவிட்டால் திருப்பித் தருவேன். உங்கள் ரசனையைப் பற்றி அதில் எந்தத் தீர்ப்பும் இல்லை. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியிலிருந்து கிளைத்தவைதான்.

துணியைக் கையில் எடுத்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

அக்குளை. சட்டையை உள்வெளியாகத் திருப்பி ஜன்னலோரம் பிடித்துப் பார்ப்பேன். குழல்விளக்கில் தப்பிவிடும் மஞ்சள் படிவு பகல் வெளிச்சத்தில் தெரிந்துவிடும். வெள்ளைத் துணியில் அந்த மஞ்சளுக்கு வியர்வை மட்டும் காரணமில்லை. வியர்வையை அடக்கும் பூச்சுகளில் உள்ள அலுமினிய உப்பும் வியர்வையும் சேர்ந்து இழையில் படிந்துவிடுகின்றன. சாதாரணத் துவைப்பில் அது போவதில்லை. பட்டு என்றால் கறையோடு நிற்காது. வியர்வை பட்ட இடத்தில் இழையே வலுவிழந்திருக்கும், கட்டைவிரலால் லேசாக அழுத்தினாலே பிரிந்து கொடுக்கும்.

அடுத்து காலரின் உள்மடிப்பு, மணிக்கட்டு விளிம்பு, பேன்ட்டில் தொடைகள் உரசும் இடம், பின்பக்கம் பளபளப்பேறியிருக்கிறதா என்பது, குதிகால் மிதித்த கீழ்விளிம்பு. ஜிப்பை மேலும் கீழுமாக மூன்று முறை ஓட்டுவேன். பட்டன்களை எண்ணுவேன். கோட்டு என்றால் லைனிங் கிழிந்திருக்கிறதா என்று தோள்பட்டையின் உள்ளே கையை விட்டுத் தடவுவேன். இடுப்பு எலாஸ்டிக்கை இழுத்துக் காதருகே பிடிப்பேன். இற்றுப்போன எலாஸ்டிக் மெல்லிய முறிவுச் சத்தம் தரும், விட்டபின் முழுதாகச் சுருங்காது.

ஒருமுறை ஒரு கருநீல உடை இவை அனைத்திலும் தேறிவிட்டது. ஹேங்கரில் மாட்டி ஜன்னலருகே கொண்டுபோனேன். இடது தோளில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குச் சாயம் வெளுத்து ஊதா நிறப் பட்டை ஓடியது. அலமாரிக் கதவின் இடுக்கு வழியாக வருடக்கணக்கில் வெளிச்சம் விழுந்த தடம் அது. உடையவருக்கு அன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து எந்த உடையையும் ஹேங்கரில் மாட்டிப் பார்க்காமல் நான் முடிவு சொல்வதில்லை.

துவைத்து இஸ்திரி போட்டுத்தான் கொண்டுவர வேண்டுமா?

ஆம். துவைக்காத துணியில் கறை எது, அழுக்கு எது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இஸ்திரி நேர்த்தியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மடிப்புக் கசங்கல் நீங்கினால் போதும். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: கறை இருக்கிறது என்று தெரிந்தால் அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள். சூடு பட்ட கறை இழையில் இறுகிவிடும், பிறகு எடுக்க வழியிருக்காது.

துணியில் வாடை என்று திருப்பித் தந்துவிட்டீர்கள். எனக்கு எதுவும் தெரியவில்லையே?

தெரியாதது உங்கள் குற்றமில்லை. தினமும் சுவாசிக்கும் வாசனைக்கு மூக்கு பழகிவிடும். எல்லோருக்கும் தத்தம் வீட்டு வாசனை மறைந்துதான் போகிறது. சிகரெட் புகை, பூஞ்சை, பாச்சை உருண்டை, திகட்டும் வாசனைத் திரவியம் ஆகிய நான்கும்தான் அதிகம் வருபவை. பூஞ்சை வாடையுள்ள ஒரு கோட்டைக் கம்பியில் தொங்கவிட்டால் பக்கத்தில் இருக்கும் அடுத்தவர் உடைகளுக்கும் அது ஏறிவிடும். அந்த உடைகளுக்கும் நான்தான் பொறுப்பு.

நிழலில், காற்று ஓடும் இடத்தில் சில நாட்கள் தொங்கவிடுங்கள். பிறகு உங்கள் வீட்டில் வசிக்காத ஒருவரிடம் முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கும் தெரியவில்லை என்றால் மறுபடி எடுத்து வாருங்கள், மறுக்காமல் பார்ப்பேன்.

ஒரு தடவைகூடப் போடவில்லை, விலை லேபிள்கூடக் கிழிக்கவில்லை. புதுத்துணியை ஏன் மறுக்கிறீர்கள்?

கடைகளில் இப்போதும் புதிதாகக் கிடைக்கும் மலிவான உடையாக இருந்தால் அதற்கு இரண்டாவது விலை சொல்வது கடினம். அதே உடை அங்கே தள்ளுபடியில் புதிதாகவே கிடைக்கும்போது இங்கே யாரும் தேடமாட்டார்கள். உங்கள் பங்காக வரும் தொகையும் இரண்டு தடவை வந்துபோகும் செலவுக்குக் காணாது.

இன்னொன்று, போடாததாலேயே துணி புதிதாக இருந்துவிடுவதில்லை. செயற்கைத் தோல் ஜாக்கெட்டும் கைப்பையும் இதற்குச் சரியான உதாரணம். அவற்றின் மேற்பூச்சு பெரும்பாலும் பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். அலமாரியில் பத்திரமாக இருந்தாலும் சில வருடங்களில் பிசுபிசுத்து உரியத் தொடங்கும். சில காலணிகளின் அடிப்பாகமும் இப்படியே பொடியாகும். பெட்டியைக்கூடப் பிரிக்காத காலணி ஒன்றை மேசையில் வைத்து விரலால் அழுத்தினேன், குதிகால் ரொட்டித்தூள் போல உதிர்ந்தது. கொண்டுவந்தவருக்கு ஏற்பட்ட அதே வருத்தம் எனக்கும் ஏற்பட்டது.

கோடையில் அருமையான கம்பளிக் கோட்டு கொண்டுவந்தேன். குளிர்காலத்தில் வாருங்கள் என்கிறீர்கள். இருக்கட்டுமே, பிறகு விற்கலாமே?

ஒப்பந்தக் காலம் பெரும்பாலும் 60 அல்லது 90 நாட்கள். கோடையில் எடுத்துக்கொண்டால் கோட்டு யாருமே தேடாத நாட்களில் தொங்கி, விலை குறைந்து, குளிர் தொடங்கும் நேரத்தில் கெடு முடிந்து உங்களிடமே திரும்பும். எடுக்க மறுப்பதில் உங்களுக்குத்தான் லாபம். குளிர்காலம் பாதி கடந்தபின் கொண்டுவருவதும் தாமதமே. பருவம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பு வாருங்கள். அப்போது எங்கள் கம்பியும் காலியாக இருக்கும், பொறுக்குவதில் நானும் தாராளமாக இருப்பேன்.

பிராண்ட் பெயரைப் பார்த்துத்தானே எடுக்கிறீர்கள்?

பார்க்கிறோம். வாங்க வருபவர் பெயரைச் சொல்லிக் கேட்கும்போது நாங்கள் பார்க்காமல் இருக்க முடியாது. பெயரைக்கொண்டே ஒதுக்குபவர்களும் உண்டு: பிரான்சில் 2009இல் தொடங்கிய, பழைய உடைகளை விற்கும் வெஸ்டியேர் கலெக்டிவ் என்ற இணையதளம், மலிவாகவும் வேகமாகவும் தைத்துக் குவிக்கும் ஆடை பிராண்டுகள் சிலவற்றை 2022இல் தடை செய்தது, அடுத்த ஆண்டு அந்தப் பட்டியலை நீட்டியது.

ஆனால் பெரிய லேபிளைவிட, இழை விவரம் எழுதிய சின்ன லேபிளைத்தான் நான் அதிக நேரம் படிப்பேன். அடுத்து தையல். கட்டம் போட்ட சட்டையில் கட்டங்கள் தையல் சேரும் இடத்தில் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா? கீழ்விளிம்பில் பிரித்து நீளம் கூட்டும் அளவுக்குத் துணி மடித்து விட்டிருக்கிறார்களா? கம்பளிச் சட்டையில் உள்ளங்கையால் நாலைந்து முறை தேய்த்தால் நூல் உருண்டை கிளம்புகிறதா? நீளமான இழையில் நூற்ற கம்பளி அவ்வளவு சீக்கிரம் உருளாது. பெயரே தெரியாத தையற்காரர் தைத்த கோட்டு ஒன்று இந்தக் கேள்விகளுக்கெல்லாம் நல்ல பதில் சொன்னால், புகழ்பெற்ற பெயருள்ள நைந்த கோட்டுக்கு முன்பாக அதைத்தான் மாட்டுவேன்.

பெரிய அளவுகளே உங்கள் கடையில் இல்லை. வேண்டுமென்றே எடுப்பதில்லையா?

இல்லை, தேடி எடுக்கிறோம். எங்களிடம் வருவதுதான் எங்களால் விற்க முடிவது, அதுதான் இந்தத் தொழிலின் பெரிய குறை. பெரிய அளவில் நல்ல உடை வைத்திருப்பவர்கள் அதை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. மறுபடி அப்படியொன்று கிடைப்பது அரிது என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அளவுகளில் வரும் உடைக்கு மற்ற விதிகளில் கொஞ்சம் தளர்வு காட்டுகிறேன். காத்திருக்கும் முகங்கள் எனக்கு நன்றாகவே தெரியும்.

லேபிளில் உள்ள எண்ணை நம்பி எதையும் வாங்க வேண்டாம். பெண்கள் உடையில் ஒரே எண் பிராண்டுக்குப் பிராண்டு மாறும், காலத்துக்குக் காலமும் மாறியிருக்கிறது. நாங்கள் உடையைத் தட்டையாகப் பரப்பி அக்குள், இடுப்பு, நீளம் என அளந்து சீட்டில் எழுதுகிறோம். உங்களுக்குப் பொருத்தமாக உள்ள ஓர் உடையை வீட்டில் அதேபோல் அளந்து வாருங்கள்.

வயதான துணி வேண்டாம் என்கிறீர்கள், அதற்குப் பக்கத்திலேயே 50 வருடத்து உடையைத் தொங்கவிடுகிறீர்கள். இது என்ன நியாயம்?

அன்றாட உடையில் கடைசி இரண்டு மூன்று வருடங்களில் வந்தவை எளிதில் போகும். பத்து வருடத்து உடை பழையதாகத் தெரியும், ஆனால் யாரும் ஏங்கும் அளவுக்குப் பழையதில்லை. 20 வருடத்தைத் தாண்டியவற்றை விண்டேஜ் என்று அழைப்பது இந்தத் தொழிலின் வழக்கம். அதைத் தேடி வருபவர்கள் வேறு ஆட்கள், அவர்கள் கேட்பதும் வேறு.

வயதை உடையே சொல்லும். ஆடைகளில் நைலான் ஜிப் பரவியது 1960களில். உலோக ஜிப் உள்ள கவுன் அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் துவைக்கும் முறையை எழுதிய நிரந்தர லேபிள் 1972 முதல் கட்டாயமானது. லீவைஸ் ஜீன்ஸின் பின்பையில் உள்ள சின்னச் சிவப்புப் பட்டையில், ஆங்கிலப் பெயரின் இரண்டாவது எழுத்தான E பெரிய எழுத்தாக இருந்தது. 1971இல் அதைச் சிறிய எழுத்தாக்கினார்கள். அந்த ஓர் எழுத்துக்காகவே தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். ஒற்றை அடையாளத்தை வைத்து முடிவு செய்யமாட்டோம். ஜிப்பை யாராவது பின்னால் மாற்றியிருக்கலாம். லேபிள், ஜிப், தையல், துணி எல்லாம் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும்.

மிகப் பழைய பட்டு என் மனத்தை வருத்தும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பட்டுக்குக் கனம் கூட்ட உலோக உப்புகளை ஏற்றினார்கள். அந்தப் பட்டு மடிப்பு மடிப்பாக வெடித்து நூலாகிறது. அதைச் சரிசெய்ய முடியாது, உடுத்தவும் முடியாது. அப்படிப்பட்டதை விற்பனைக்கு எடுக்கமாட்டேன். படுக்கைவசத்தில் மென்மையான தாளில் சுற்றி வையுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன்.

கம்பளியில் ஒரே ஒரு சின்னப் பொத்தல். அதற்காகவா?

பொத்தல் ஆணியில் மாட்டிக் கிழிந்ததாக இருந்தால் பேசலாம். அந்துப்பூச்சி தின்றதாக இருந்தால் பேச்சே இல்லை, கடைக்குள்ளேயே வரக்கூடாது. பறக்கும் பூச்சி துணியைத் தின்பதில்லை. அதன் புழுதான் கம்பளி, ரோமம், இறகு ஆகியவற்றில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வளர்கிறது. தையல் மடிப்புக்குள் முட்டை இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு சட்டையோடு வந்தது கம்பி முழுவதும் பரவிவிடும்.

பாலித்தீன் பையில் காற்றுப்புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி உள்ள ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். பை வெளியே வந்து அறைச் சூட்டுக்குத் திரும்பிய பிறகே அவிழ்க்க வேண்டும். பிறகு பொத்தலை இழையோட்டிக் கொண்டுவந்தால் எடுக்கும் வாய்ப்பு உண்டு. நேர்த்தியாக இழையோட்டிய கம்பளிச் சட்டை என்றால் எனக்குத் தனிப் பிரியம்.

என்னென்ன வகைகளைப் பார்க்காமலே மறுப்பீர்கள்?

உடுத்திய உள்ளாடை, காலுறை. பாதுகாப்புக் குறைவால் தயாரிப்பாளர் திரும்பப் பெற்ற எதுவும். கழுத்திலும் தலைமறைப்பிலும் இழுகயிறு உள்ள குழந்தைகள் மேலாடை. சறுக்குமரம் போன்றவற்றில் அந்தக் கயிறு மாட்டிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்; அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996இலேயே அதைத் தவிர்க்கச் சொல்லி வழிகாட்டுதல் வெளியிட்டது. கயிறுதானே, உருவிவிட்டு விற்கலாமே என்று கேட்பார்கள். உருவிவிட்டுக் கொண்டுவாருங்கள், பார்க்கிறேன். கயிறோடு ஒருநாளும் தொங்கவிடமாட்டேன்.

என் கைப்பை அசல்தான், பரிசாக வந்தது. ரசீது கேட்டு என்னைச் சந்தேகப்படலாமா?

உங்கள்மேல் சந்தேகமில்லை. பரிசு கொடுத்தவரே ஏமாந்திருக்கலாம், அதுதான் அதிகம் நடப்பது. போலியை விற்றால், தெரியாமல் விற்றாலும் பொறுப்பு கடையின் தலையில் விழும். 2018இல் ஷனெல் என்ற ஆடம்பரப் பொருள் நிறுவனம், தங்கள் பெயரில் போலிப் பைகள் விற்கப்பட்டதாகக் கூறி, ரியல்ரியல் என்ற பெரிய கன்சைன்மென்ட் நிறுவனத்தின்மீது நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. அவ்வளவு பெரிய நிறுவனமே நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால் சிறிய கடை எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

உள்ளே எண் இருக்கிறதே என்பீர்கள். எண்ணையும் போலியாக அச்சிடுகிறார்கள். விலை உயர்ந்த கைப்பைகள் செய்யும் லூயி வியூட்டன் நிறுவனம், தயாரித்த இடத்தையும் காலத்தையும் சொல்லும் தேதிக் குறியீட்டை 2021 முதல் விட்டுவிட்டு உள்ளே சிப் வைக்கத் தொடங்கியது. ஆகவே அதற்குப் பிறகு வந்த மாடலில் பழைய பாணிக் குறியீடு இருந்தால் அதுவே கேள்வியை எழுப்புகிறது. தையலின் நெருக்கம், உலோகப் பாகத்தின் எடை, எழுத்தின் வடிவம், தோலின் மணம் எல்லாம் பார்ப்போம். அதன்பிறகும் மனம் ஒப்பாவிட்டால் போலி என்று சொல்லமாட்டேன். எங்களால் உறுதி சொல்ல முடியவில்லை என்றுதான் சொல்வேன். அது உண்மையும்கூட.

நான் கொடுத்த விலையில் பாதிகூட இல்லையே, யார் வைப்பது இந்த விலை?

கடைதான் வைக்கும். நீங்கள் கொடுத்த விலை அதில் ஒரு குறிப்பு மட்டுமே. இதேபோன்றது சென்ற மாதங்களில் என்ன விலைக்குப் போனது என்பதுதான் முதல் கணக்கு. சாதாரண பிராண்டுகளுக்குப் புதுவிலையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வரும். 30 நாளில் போகாவிட்டால் ஒரு குறைப்பு, 60 நாளில் இன்னொரு குறைப்பு என்று பல கடைகளில் ஒழுங்கு உண்டு. கீழே இறங்கக்கூடாத விலை உங்கள் மனத்தில் இருந்தால் கையெழுத்துப் போடும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கெடு முடிந்தும் விற்காதவை, நீங்கள் மறுத்தவை எல்லாம் எங்கே போகும்?

விற்காதவற்றைக் குறித்த நாளுக்குள் நீங்கள் எடுத்துப்போகலாம். எடுக்காவிட்டால் நன்கொடைக்குப் போகும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். தயவுசெய்து அந்த வரியைப் படியுங்கள். மறுத்தவற்றை உங்களிடமே தருகிறோம்.

நன்கொடைக்குப் போவதெல்லாம் யாரோ ஒருவர் உடுத்தத்தான் போகிறது என்று நினைக்க வேண்டாம். பெரும்பகுதி பொதியாகக் கட்டி வேறு நாடுகளுக்குக் கப்பலேறுகிறது. கானாவின் அக்ரா நகரில் உள்ள கன்டமான்டோ சந்தை அப்படி வந்திறங்கும் பொதிகளுக்கான பெரிய இடங்களில் ஒன்று. பொதியைப் பிரிக்காமலே காசு கொடுத்து வாங்கும் சிறு வியாபாரிகள், உள்ளே கறையும் கிழிசலும் இருந்தால் அந்த நஷ்டத்தைத் தாங்குகிறார்கள். அதனால்தான் இற்றுப்போனதை நன்கொடைப் பெட்டியில் போடாதீர்கள், துடைக்கும் துணியாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

போன வாரம் என் தோழியின் கறுப்பு பேன்ட்டை எடுத்தீர்கள். இன்று அதேபோன்ற என் பேன்ட்டை மறுக்கிறீர்கள். ஆளைப் பார்த்தா?

போன வாரம் கம்பியில் இரண்டு இருந்தன, இன்று பதினொன்று இருக்கின்றன. இரண்டாவது கேள்வியில் சொன்ன முகம் இங்கேதான் வருகிறது: கறுப்பு பேன்ட் தேடும் நால்வருக்குப் பதினொன்று எதற்கு? உங்களுடையதையும் மாட்டினால் தோழியுடையதும் விற்காது. மூன்று வாரம் கழித்து ஒரு போன் செய்து கேட்டுவிட்டு வாருங்கள்.

அம்மா காலமாகிவிட்டார். அலமாரியில் உள்ளது அனைத்தையும் கொண்டுவரலாமா?

கொண்டுவரலாம். முன்கூட்டிச் சொல்லிவிட்டு, வரிசை இல்லாத நேரத்தில் வாருங்கள். அவசரமில்லாமல் உட்கார்ந்து பார்க்கலாம். அதற்கு முன் ஒன்று. வைத்துக்கொள்ள நினைப்பதை முதலில் பிரித்து எடுத்துவிடுங்கள். தயக்கம் இருப்பதை மூட்டையில் போடாதீர்கள். விற்றபின் வாங்கியவரைத் தேடிப்பிடிக்க எங்களால் முடியாது. அலமாரி அப்படியே ஒரு வருடம் இருந்தாலும் குறைந்துபோவது ஒன்றுமில்லை, கம்பளியை மட்டும் பூச்சியிடமிருந்து காப்பாற்றுங்கள்.

ஒவ்வோர் உடையிலும் உள்ள பைகளை நான் தடவிப் பார்ப்பேன். மடித்த கைக்குட்டை, மருந்துச் சீட்டு, பஸ் டிக்கெட், ஒற்றைத் தோடு எல்லாம் கிடைத்திருக்கின்றன. கிடைத்ததை ஓர் உறையில் போட்டுத் தந்துவிடுவேன். ஒரு கோட்டின் உள்பையில் நான்காக மடித்த மளிகைப் பட்டியல் இருந்தது, பென்சிலில் எழுதியது. மகள் அதை வெகுநேரம் படித்துவிட்டு, கோட்டை விற்பனைக்குக் கொடுத்துத் தாளை எடுத்துப்போனார்.

நல்லதையெல்லாம் கடையில் வேலை செய்பவர்களே எடுத்துக்கொள்வீர்களாமே?

நேராகக் கேட்டதற்கு நன்றி. எங்கள் கடையில் விதி இது: உடை விலைச்சீட்டோடு இரண்டு முழு நாள் கம்பியில் தொங்கிய பிறகே ஊழியர் வாங்கலாம். சீட்டில் உள்ள விலையைத்தான் கொடுக்க வேண்டும், உங்கள் பங்கு குறையாது. தான் வாங்க விரும்பும் உடைக்குத் தானே விலை வைக்கவும் கூடாது. எல்லாக் கடைகளிலும் இதே விதி இருக்காது; ஒப்படைக்கும் முன் கேளுங்கள். எங்களிடம் கேட்டால், உங்கள் உடை எந்தத் தேதியில் கம்பிக்குப் போனது, எந்தத் தேதியில் என்ன விலைக்கு விற்றது என்று கணக்கைத் திருப்பிக் காட்டுவேன்.